அளவில் பெரிய சட்டை

ஒரு சட்டை பயனற்றுப் போயிற்று என்று கூறுவோர் பெரும்பாலும் இருவேறு செய்திகளை ஒன்றாகக் கலந்துவிடுகின்றனர். துணி நைந்து, இழை தளர்ந்து, கிழிந்து போவது ஒன்று. துணி உறுதியாய் இருக்கவும் அணிவோர் உடலுக்கு அளவு பொருந்தாமற் போவது மற்றொன்று. முன்னதற்கு மருந்தில்லை. பின்னதற்கு ஊசியும் நூலும் ஒரு பிற்பகற் பொழுதும் போதும்.

சுற்றளவு 44 அங்குலமுள்ள சட்டை ஒன்று, மார்பளவு 32 அங்குலமே உள்ள சிறுவனிடம் வந்து சேர்கிறது என்று கொள்வோம். அதன் தோள் அவன் மேற்கையில் தொங்கும். கைகள் விரல்களை மறைக்கும். கீழ்விளிம்பு தொடையைத் தாண்டும். காண்போர் நகைப்பர். ஆயினும் அச்சட்டையிடம் இருப்பது குறையன்று, மிகுதியே. குறைந்த துணியை நீட்டுதல் அரிது. மிகுந்த துணியைக் குறைத்தலோ எளிது. எளிது என்பதனால் கண்ணை மூடிக்கொண்டு கத்தரிக்கோலை எடுத்துவிடலாகாது. எங்கே, எவ்வளவு, எந்த வரிசையில் என்னும் மூன்றையும் அறிந்தோர்க்கே அஃது எளிது.

தமிழகத்து வீடுகளில் அண்ணன் சட்டை தம்பிக்கு வருவது புதுமையன்று. தீபாவளிக்குத் துணி எடுக்கும் பெற்றோர், "வளரும் பிள்ளை, சற்றுத் தாராளமாக வையுங்கள்" என்று தையற்காரரிடம் கூறுவதும் பழைய வழக்கமே. தையற்றொழிலும் இந்நாட்டிற்கு மிகப் பழையது. தைத்தலைத் துன்னம் என்றும், தைப்போரைத் துன்னகாரர் என்றும் முன்னோர் வழங்கினர். புகார் நகரத்துத் தொழிலாளருள் துன்னகாரரையும் சேர்த்துச் சொல்லுகிறது சிலப்பதிகாரம். எனினும் புதுத்துணியில் தைப்பது வேறு. ஒருவர்க்கெனத் தைத்ததைப் பிரித்து மற்றொருவர்க்காக்குவது வேறு. புதுத்துணியை வெட்டுவோன் தன் விருப்பம்போல் தொடங்கலாம். பழஞ்சட்டையைத் திருத்துவோனோ, முன்னொருவன் இட்ட வெட்டுகளுக்கும் தையல்களுக்கும் உட்பட்டே வேலை செய்யவேண்டும்.

இக்கலையை ஒரு நாடு முழுவதும் கற்கவேண்டிய காலம் ஒன்று இருந்தது. இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டனில் துணிக்குப் பெருந்தட்டுப்பாடு ஏற்பட்டது. பருத்தி அந்நாட்டில் விளைவதில்லை, கப்பல்களில் வரவேண்டும். கப்பல்களையோ செருமானிய நீர்மூழ்கிகள் தாக்கி மூழ்கடித்தன. மிஞ்சிய கப்பல்களில் உணவுக்கும் படைக்கலங்களுக்கும் இடம் வேண்டியிருந்தது. ஆலைகள் படைவீரர் சீருடை நெய்தன. ஆலைத் தொழிலாளர் பலர் வெடிமருந்துத் தொழிற்சாலைகளுக்குச் சென்றனர். ஆகவே 1941ஆம் ஆண்டு ஜூன் 1ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமையன்று, உடைப் பங்கீடு அந்நாட்டில் நடைமுறைக்கு வந்தது. மக்கள் முன்னரே அறிந்தால் கடைகளை மொய்த்துத் துணிகளை வாரிக்கொண்டு போவர் என்று அஞ்சி, அரசினர் அதனை அந்நாள்வரை மறைவாகவே வைத்திருந்தனர்.

வயது வந்த ஒருவர்க்கு முதலாண்டில் 66 சீட்டுகள் அளிக்கப்பட்டன. ஆடவர் கோட்டு ஒன்றுக்கு 13 சீட்டு, முழுக்காற்சட்டைக்கு 8, சாதாரணச் சட்டைக்கு 5, காலணிக்கு 7 என்று கணக்கு வகுத்தனர். கையில் எத்துணைப் பணம் இருப்பினும் சீட்டு இல்லையேல் புதுத்துணி வாங்க இயலாது. பின்வந்த ஆண்டுகளில் இந்த 66உம் நிலைக்கவில்லை, குறைந்துகொண்டே வந்தது. போர் 1945இல் முடிந்தும் பங்கீடு முடியவில்லை. 1949ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்திலேதான் அது நீங்கியது. பிள்ளைகளோ பங்கீட்டுச் சட்டத்தைப் பொருட்படுத்தாமல் வளர்ந்துகொண்டிருந்தனர்.

இந்நிலையில் மக்களின் கண் வீட்டு அலமாரியின்மேற் சென்றது. அங்கே, போர்முனைக்குச் சென்ற ஆடவரின் சட்டைகள் மடித்தபடியே கிடந்தன. 'இருப்பதைக்கொண்டு சமாளி, பழுது பார்' என்னும் கருத்துடைய சிறுநூல் ஒன்றை 1943இல் அரசினர் வெளியிட்டனர். ஊர்ப் பொதுமன்றங்களில் தையல் வகுப்புகள் நடந்தன. சுவரொட்டிகளில் 'மிசஸ் சோ-அண்டு-சோ' என்னும் கற்பனைப் பெண் ஒருத்தி தோன்றினாள். ஆங்கிலத்தில் அப்பெயர் 'இன்னார்' என்றும், 'தைத்துக்கொண்டே இருப்பவள்' என்றும் இருபொருள் தரும். தந்தையின் சட்டை தாயின் மேற்சட்டையாயிற்று. தாயின் பாவாடை மகளின் சிற்றுடையாயிற்று. குழந்தைகளுக்குச் சிறிதாகிப்போன உடைகளைக் கொடுத்துப் பெரிய உடைகளைப் பெற்றுக்கொள்ளும் மாற்று நிலையங்களைப் பெண்கள் தொண்டுப்படையினர் நடத்தினர். பிறர் அணிந்த பழந்துணிக்குச் சீட்டு வேண்டுவதில்லை என்பதும் பலர்க்கு உதவியாயிற்று.

ஆனால் ஒரு சட்டையை வெட்டுவது எல்லா இல்லங்களிலும் எளிதாக இருந்திருக்க இயலாது. போர்முனையிலிருக்கும் கணவன் திரும்பி வருவான். வந்தவன் தன் சட்டையைக் கேட்பான். அதனை மகனுக்காக வெட்டிவிடுவதா, அவனுக்காகக் காத்து வைப்பதா என்னும் கேள்விக்கு எந்தச் சிறுநூலும் முடிவான விடை தர இயலாது. வெட்டிய துணி மீண்டும் பழைய உருப் பெறாது.

அக்காலச் சட்டைகளின் பின்பகுதி நீண்டு தொங்கும். அதனைக் காற்சட்டைக்குள் செருகிக்கொள்வர். வெளியே தெரியும் காலரும் மணிக்கட்டுப் பட்டியும் உராய்ந்து உராய்ந்து நைந்துபோக, மறைந்து கிடக்கும் பின்வால் மட்டும் புதிது போலவே இருக்கும். அவ்வாலை வெட்டியெடுத்துப் புதிய காலர் தைப்பர். வால் இருந்த இடத்தில் வேறு ஏதேனும் துணியை ஒட்டிவிடுவர். அது காற்சட்டைக்குள் மறைந்துவிடுமாதலின் அதன் நிறம் பற்றி எவரும் கவலைப்படவில்லை. அரசினர் 1942இல் ஆடவர் காற்சட்டையின் அடியில் வெளிமடிப்பு வைத்துத் தைப்பதையும் தடுத்தனர். துணி மிச்சமாகும் என்பது அவர்கள் எண்ணம். மக்களுட் சிலர் வேண்டுமென்றே நீளமான காற்சட்டையை வாங்கி, வீட்டில் மடித்துத் தைத்துக்கொண்டனர். ஊசி பிடிக்கக் கற்றவர்கள் சட்டத்தையும் சற்று மடிக்கக் கற்றுக்கொண்டனர் போலும்.

இன்று துணிக்குப் பஞ்சமில்லை. துணி மிகுதியே துன்பமாயிற்று. மேலை நாட்டார் சில முறை அணிந்து கழித்த உடைகள் பொதிபொதியாகக் கட்டப்பட்டுக் கடல் கடந்து செல்கின்றன. ஆப்பிரிக்காவில் கானா நாட்டுத் தலைநகர் அக்ராவில் உள்ள காந்தமாந்தோ என்னும் சந்தை அத்தகைய உடைகள் வந்து குவியும் பேரிடங்களுள் ஒன்று. அந்நாட்டு அகான் மொழியில் இவ்வுடைகளுக்கு 'ஒப்ரோனி வாவு' என்று பெயர். 'இறந்த வெள்ளையரின் ஆடை' என்பது அதன் பொருள். இத்துணை நல்ல உடைகளை உயிரோடிருப்பவர் எவரும் கழித்துக் கட்டமாட்டார் என்று முதலிற் கண்டவர்கள் எண்ணினராம்.

அங்கே கடைக்காரர் பொதியைப் பிரித்துப் பார்த்து வாங்குவதில்லை, கட்டியபடியே வாங்குகின்றனர். உள்ளே இருப்பது நல்ல சட்டையா, கறை படிந்த கந்தலா என்பது பணம் கொடுத்துப் பொதியை அறுத்த பின்னரே தெரியும். கடன் வாங்கிப் பொதி எடுத்தவருக்கு அந்த ஒரு நொடி எத்தகையது என்பதைச் சொல்லவேண்டுவதில்லை. பொதியில் வரும் சட்டைகள் பல அந்நாட்டு மக்களின் உடலுக்கு மிகப் பெரியவை. அவற்றைச் சந்தையிலேயே இருக்கும் தையற்காரர்கள் பிரித்து, ஒடுக்கி, அளவாகத் தைத்துத் தருகின்றனர். துவைப்போர், சாயமிடுவோர், பெட்டி போடுவோர் எனப் பலருக்கும் அங்கே வேலை உண்டு. திருத்தவும் விற்கவும் இயலாதவை குப்பையாகி, வாய்க்கால் வழியே சென்று கடற்கரையில் ஒதுங்குகின்றன. ஈரமணலில் புதைந்து, கயிறுபோல் முறுக்கிக் கிடக்கும் அத்துணிகளை அகற்றுவது பெரும்பாடு. ஆகவே ஒரு பெரிய சட்டை விலைபோவதும் கடற்கரையிற் கிடப்பதும் பலமுறை ஒரு தையற்காரரின் அரைமணி உழைப்பைப் பொறுத்தனவாக உள்ளன. 2025ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் இரவில் அச்சந்தையைப் பெருந்தீ பற்றி எரித்தது. ஆயிரக்கணக்கான வணிகர் தம் சரக்கை இழந்தனர். சில வாரங்களுக்குள்ளேயே அவர்கள் மரச்சட்டங்களை நட்டுக் கடைகளை மீண்டும் எழுப்பத் தொடங்கினர்.

அத்தையற்காரரின் கைவேகம் பல்லாண்டுப் பயிற்சியால் வருவது. ஆயினும் அவர் செய்வதன் அடிப்படையைத் தொடக்க நிலையில் உள்ளோரும் கற்றுச் செய்யலாம்.

முதலில் சட்டையைத் தேர்தல் வேண்டும். விலை மலிவு என்பதற்காகக் கையிற் கிடைத்ததை வாங்குவோர் பின்னர் வருந்துவர். சட்டையை வெளிச்சத்திற்கு எதிரே பிடித்துப் பார்த்தால் இழை தளர்ந்த இடங்கள் சல்லடைபோல் தெரியும். அக்குள், முழங்கை, காலரின் மடிப்பு ஆகிய மூன்றும் முதலில் நையும் இடங்கள். அங்கே துணியை இரு கையாலும் மெல்ல இழுத்துப் பார்த்தல் நன்று. பருத்தித் துணி, தைக்கப் பழகுவோர்க்கு ஏற்றது. வைத்த இடத்தில் நிற்கும், மடித்த மடிப்பை ஏற்கும். வழுவழுப்பான துணி ஊசியின்கீழ் நழுவி ஓடும். கட்டம் போட்ட துணியில் இருபுறமும் கட்டங்கள் ஒன்றோடொன்று பொருந்தாவிடில் தவறு பத்தடி தொலைவிலும் தெரியுமாதலால், முதல் முயற்சிக்கு ஒரே நிறத் துணியே தக்கது. பழஞ்சட்டையில் ஒரு நன்மையும் உண்டு. புதிய பருத்தித் துணி முதற்சலவையிலேயே சிறிது சுருங்கும்; பலமுறை துவைத்த சட்டையோ சுருங்கவேண்டிய அளவு முன்னமே சுருங்கிவிட்டது. இன்று தைத்த அளவு நாளையும் ஏறக்குறைய அவ்வாறே இருக்கும்.

அடுத்தது கணக்கு. தையலில் தவறுவோர் பெரும்பாலும் ஊசியில் தவறுவதில்லை; கணக்கிலேயே தவறுகின்றனர். மேற்கூறிய சிறுவனின் மார்பளவு 32 அங்குலம். சட்டையும் 32 அங்குலமே இருந்தால் அவன் மூச்சை இழுக்கும்போதே பொத்தான் தெறிக்கும். கையைத் தூக்கினால் தையல் பிளக்கும். ஆதலின் உடலளவினும் 4 அங்குலமேனும் கூடுதலாக விடுதல் வேண்டும். ஆக, வேண்டிய சுற்றளவு 36 அங்குலம். சட்டையின் சுற்றளவு 44. மிகுதி 8 அங்குலம்.

இந்த 8 அங்குலத்தை எவ்வாறு குறைப்பது? சட்டைக்கு இடம், வலம் என இரண்டு பக்கங்கள் இருப்பதால் பக்கத்திற்கு 4 அங்குலம் என்று எண்ணி, விளிம்பிலிருந்து 4 அங்குலம் உள்ளே கோடு கிழித்துத் தைப்போர் பலர். சட்டை தரையில் விரிந்து கிடக்கும்போது ஒவ்வொரு பக்கத்திலும் முன்துணி ஒன்றும் பின்துணி ஒன்றுமாக இரண்டு அடுக்குகள் உள்ளன என்பதை அவர்கள் மறந்துவிடுகின்றனர். விளிம்பிலிருந்து 4 அங்குலம் பிடித்தால் ஒரு பக்கத்தில் 8 அங்குலம் போகும். இருபக்கத்திலும் 16 அங்குலம் போகும். சட்டையின் சுற்றளவு 28 அங்குலமாகிவிடும். 32 அங்குல மார்புள்ள சிறுவன் அதற்குள் நுழையவும் மாட்டான். மிகுதியை நான்கால் வகுத்தலே முறை. எட்டை நான்கால் வகுத்தால் இரண்டு. விளிம்பிலிருந்து 2 அங்குலம் உள்ளே தைத்தால் போதும்.

சட்டையின் தோள் ஓரளவு பொருந்தி, உடலும் கையும் மட்டும் அகன்றிருந்தால் வேலை மிகச் சுருக்கமானது. சட்டையை உட்புறம் வெளியே வரும்படி திருப்பித் தட்டையாக விரித்து, கீழ்விளிம்பிலிருந்து அக்குள்வரையும், அக்குளிலிருந்து கையின் அடிப்பக்கமாக மணிக்கட்டுவரையும் ஒரே தொடர்கோடாகச் சுண்ணக்கட்டியால் வரையவேண்டும். அக்குளில் இக்கோடு கூர்மூலையாகத் திரும்பலாகாது. ஓடை வளைவதுபோல் வளைந்து செல்லவேண்டும். கோட்டின்மேல் குண்டூசிகளைக் குத்தி, சட்டையின் நிறத்திற்கு மாறான நிறமுள்ள நூலால் நீண்ட ஓட்டுத்தையல் போடவேண்டும். இத்தையல் நிலையானதன்று, அணிந்து பார்ப்பதற்காகவே போடுவது. நிறம் மாறுபட்டிருந்தால் பின்னர்ப் பிரித்தெடுத்தல் எளிது.

அணிந்து பார்ப்பதும் நிலைக்கண்ணாடி முன் அசையாமல் நிற்பதன்று. இரு கைகளையும் தலைக்குமேல் உயர்த்தவேண்டும், முன்னே நீட்டிக் கட்டிக்கொள்ளவேண்டும், உட்காரவேண்டும். முதுகில் குறுக்காக மடிப்பு விழுந்து இழுத்தால் பிடித்தது மிகுதி. அக்குளில் மட்டும் இழுத்தால் வளைவு தாழ்வாக அமைந்துவிட்டது என்பது பொருள். பிரித்து மறுபடி போடுவதில் இழுக்கில்லை. தேர்ந்த தையற்காரரும் பிரிக்கின்றனர். அவர்கள் விரைவாகப் பிரிப்பதால் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை.

அளவு பொருந்திய பின்னரே நிலைத்த தையல் போடவேண்டும். எந்திரம் இல்லாதோர் கையாலேயே பின்தையல் போடலாம். ஊசி ஓர் அடி முன்சென்று அரையடி பின்வந்து மீண்டும் முன்செல்வது பின்தையல். நெருக்கமாகப் போட்டால் அஃது எளிதில் விடாது. எந்திரத் தையலின் இயல்பு வேறு. கையூசிக்குக் காது பின்முனையில் உள்ளது. எந்திர ஊசிக்கோ காது கூர்முனையை ஒட்டியுள்ளது. அதனால் ஊசி முழுவதும் துணியைக் கடந்து மறுபுறம் போகவேண்டுவதில்லை. முனை மட்டும் துளைத்து, நூலை ஒரு சிறு கண்ணியாகக் கீழே விட்டுத் திரும்பும். கீழே பாபினில் சுற்றிய மற்றொரு நூல் அக்கண்ணிக்குள் புகுந்து கோத்துக்கொள்ளும். அமெரிக்கரான எலியாசு ஓவ் என்பார் 1846இல் இவ்வமைப்புக்குக் காப்புரிமை பெற்றார். மேல்நூலும் கீழ்நூலும் துணியின் நடுவே ஒன்றையொன்று பற்றுமாறு இழுப்பு அமைதல் வேண்டும். மேல்நூல் மிக இறுகினால் கீழ்நூல் மேலே எட்டிப் பார்க்கும். மிதி எந்திரத்தில் புதிதாக அமர்வோர் காலை மாற்றி மிதித்துச் சக்கரத்தைப் பின்னோக்கிச் சுழற்றி நூலை அறுப்பதும் உண்டு. துணி வைக்காமல் வெறும் மிதியைச் சிறிதுநேரம் பழகினால் இக்குறை நீங்கும்.

தைத்த பிறகுதான் கத்தரிக்கோல். இதனை மாற்றிச் செய்தால் திருத்த வழியில்லை. தையலிலிருந்து அரை அங்குலம் விட்டு மிகுந்த துணியை வெட்டவேண்டும். வளரும் பிள்ளைக்கெனில், நேரான பக்கத்தையலில் ஓர் அங்குலம் உள்ளே விட்டுவைப்பது அறிவுடைமை. அடுத்த ஆண்டு பிரித்து அகலமாக்கலாம். அக்குள் வளைவில் மட்டும் அவ்வாறு விடலாகாது. வளைந்த இடத்தில் மிகுதுணி சுருண்டு உறுத்தும். அங்கே விட்ட ஓரத்தையும் தையலைத் தொடாதவாறு சில இடங்களில் நறுக்கிவிட்டால், திருப்பும்போது வளைவு சீராக அமரும். துணி என்பது பாவும் ஊடையுமாகப் பின்னிய நூல்களே ஆதலால், வெட்டிய விளிம்பிலிருந்து நூல்கள் ஒவ்வொன்றாகக் கழலத் தொடங்கும். அவ்விளிம்பை மடித்து மீண்டும் ஒரு தையல் போட்டோ, விளிம்பைச் சுற்றி நெருக்கமாகக் கோத்தோ காத்தல் வேண்டும்.

தோளே முழங்கையை நோக்கித் தொங்கும் சட்டைக்கு இவ்வழி போதாது. அதற்குக் கைகளையும் பக்கத்தையலையும் முற்றிலும் பிரித்தெடுக்கவேண்டும். உடலில் கை பொருந்தும் வெட்டு உட்குழிந்திருக்கும். கையின் மேற்புறமோ குன்றுபோல் புடைத்திருக்கும். குழியும் குன்றும் பொருந்தியே சட்டையின் கை அமைகிறது. உடற்பகுதியின் குழிவை மாற்றிவிட்டுக் கையின் புடைப்பை மாற்றாவிடில் இரண்டும் ஒட்டா, சுருக்கங்களே விழும். இங்குப் புதியவர்க்கு நல்ல ஆசிரியர், அணிவோரிடம் முன்னரே இருக்கும் அளவான சட்டைதான். பெரிய சட்டையை நடுவில் நெடுக மடித்து, அளவான சட்டையையும் அவ்வாறே மடித்து, நடுக்கோடும் கழுத்துத் தையலும் பொருந்த அதன்மேல் வைத்து, தோள்முனையையும் கைக்குழியையும் பக்கத்தையும் சுற்றி வரைந்துகொள்ளவேண்டும். தையலுக்கென அரை அங்குலம் கூட்டவும் வேண்டும். முன்பக்கக் குழிவு பின்பக்கத்தைவிட ஆழமாக இருக்கும். மனிதன் தன் கைகளைப் பெரும்பாலும் முன்னோக்கியே நீட்டுகின்றான்; பின்பக்கத்தில் அதற்குத் துணி வேண்டும். இரண்டையும் ஒரே வடிவில் வெட்டிவிட்டால் கையை நீட்டும்போது முதுகு இழுக்கும். முதலில் செய்தித்தாளில் வரைந்து வெட்டிப் பார்ப்போர் துணியைக் கெடுப்பது அரிது. தாளுக்கு விலை ஏது?

கையை மீண்டும் வைக்கும்போது ஒரு நுட்பம் உதவும். சட்டையின் கை நீளமாக இருந்தால் மணிக்கட்டுப் பக்கம் வெட்டுவோர் உண்டு. அங்கே பட்டியும் பொத்தானும் திறப்பும் உள்ளன. அவற்றைப் பிரித்து மறுபடி அமைப்பது கடுந்தொழில். மேற்பக்கமோ எப்படியும் புதிதாக வெட்டப்படவேண்டியது. ஆகவே மிகுந்த நீளத்தை மேற்பக்கத்திலேயே குறைத்துவிட்டால் பட்டி தொடப்படாமல் தப்பும். பிறகு, பக்கத்தைத் தைக்குமுன் கையைத் தோளோடு தைத்துக்கொண்டு, அதன்பின் பக்கத்தையும் கையின் அடியையும் ஒரே ஓட்டமாகத் தைப்பது தொடக்கத்தினர்க்கு எளிய வழி. அரைக்கைச் சட்டை போதுமெனில் இத்தொல்லை எதுவுமில்லை. முழங்கைக்கு மேல் வெட்டி ஓர் அங்குலம் மடித்துத் தைத்துவிடலாம்.

சட்டைப்பையைப் பலர் இறுதிவரை நினைப்பதில்லை. பக்கத்தில் இரண்டு அங்குலம் உள்வாங்கியவுடன், மார்பின்மேல் இருந்த பை அக்குளை நோக்கி நகர்ந்ததுபோல் தோன்றும். அதனைப் பிரித்து நடுவே நகர்த்தலாமெனில் மற்றொரு வியப்பு காத்திருக்கும். பை மூடியிருந்த இடம் வெயிலும் சலவையும் படாமல் பழைய நிறத்தோடு சதுரமாகத் தெரியும். பையை முற்றிலும் எடுத்துவிட எண்ணியவர் அச்சதுரத்தைக் கண்டு மனம் மாறுவர். ஆகவே பையின் இடம் ஓரளவு பொருந்தும் சட்டையாக முதலிலேயே தேர்ந்துகொள்வது பின்வரும் தொல்லையைத் தவிர்க்கும்.

கழுத்து மட்டும் வீட்டுத் தையலுக்கு எளிதில் வசப்படுவதில்லை. காலர், அதனைத் தாங்கும் பட்டி, தோள்துணி, பொத்தான் பட்டி ஆகிய நான்கும் அங்கே சந்திக்கின்றன. ஒன்றைக் குறைத்தால் மற்ற மூன்றும் கோணும். கழுத்து இரண்டங்குலத்திற்கு மேல் பெரிதாயின் காலரை நீக்கிவிட்டு, விளிம்பை மடித்து, காலரில்லாச் சட்டையாகவோ சிறுமியின் மேலங்கியாகவோ ஆக்குவதே நேர்மையான வழி. கழுத்து பொருந்தி, காலரின் மடிப்பு மட்டும் நைந்திருந்தால் வேறு முறை உண்டு. காலரைத் தாங்கும் பட்டியின் தையலை மட்டும் பிரித்து, காலரை வெளியே உருவி, உள்முகம் வெளிமுகமாகும்படி திருப்பிச் செருகித் தைத்துவிட்டால், நைந்த பக்கம் கழுத்தின்பின் மறைந்துவிடும். போர்க்காலப் பிரிட்டனில் இல்லந்தோறும் செய்த வேலை இதுவே.

கீழ்விளிம்பை இறுதியில் வெட்டவேண்டும். தோளும் பக்கமும் திருந்தியபின் சட்டை சற்று மேலேறும் ஆதலின் முன்கூட்டியே வெட்டியோர் குட்டையான சட்டையைப் பெறுவர். விளிம்பு வளைவாக இருப்பின் மடிப்பு எளிதில் அமையாது. நேர்விளிம்பாக வெட்டிக்கொள்வது புதியவர்க்கு நலம். ஒவ்வொரு தையலும் முடிந்தவுடன் அதன்மேல் சூடான பெட்டியை அழுத்தி எடுத்தால், கோணலாகத் தோன்றிய தையலும் பாதி நேராகிவிடும்.

வெட்டியெடுத்த துண்டுகளையும் எறிவதற்கில்லை. சட்டை பின்னர் எங்கேனும் கிழிந்தால் ஒட்டுப்போட அவையே உரியவை. புதுத்துணியால் ஒட்டுப்போட்டால் நிறம் தனித்துத் தெரியும். துவைத்தபோது அது மட்டும் சுருங்கிச் சுற்றியுள்ள பழந்துணியை இழுக்கும். அதே சட்டையின் துண்டோ அதனோடு சேர்ந்து வெளுத்தது, அதனோடு சேர்ந்து சுருங்கியது. அகலமான துண்டுகள் கைக்குட்டையாகும். மணிக்கட்டிலும் காலரிலும் பிரித்த பொத்தான்கள் ஒரு சிமிழில் சேரும்.